லானி தன் துப்பாக்கியைக் குறை சொன்ன நாள்

லானி டோம்பெக் எதை வேண்டுமானாலும் ஒப்புக்கொள்வான். வேனைப் பின்னால் எடுக்கும்போது யாரோ ஒருவருடைய தபால் பெட்டியைச் சாய்த்ததை ஒப்புக்கொள்வான். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டது, கல்யாணம் முறிந்ததில் முக்கால்வாசித் தப்பு தன்னுடையது, பிரசங்கத்தின் நடுவே குறட்டை விட்டது, எல்லாவற்றையும் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொள்வான். தன் கார்பைன் துப்பாக்கி சுடும்போது சிக்கியது என்று மட்டும் அவன் வாயிலிருந்து வராது.

"ஒருநாளும் சிக்கினதில்ல" என்பான். அது சிக்கி, அவன் தோட்டாவை ஏற்றும் போல்ட்டைப் பிடித்து இழுத்துக்கொண்டிருக்கும்போதே அப்படிச் சொல்வான். தோட்டா மட்டம், தோட்டா அடுக்கும் மேகசினுக்கு வயசாகிவிட்டது, காற்றில் ஈரம் என்று காரணங்களை அடுக்குவான். துப்பாக்கியின்மேல் பழி விழாது. பக்ஹார்ன் துப்பாக்கி சுடும் கிளப்பில் எல்லோரும் இப்படித்தான். பெற்ற பிள்ளையை விட்டுக்கொடுத்துப் பேசுவார்கள், துப்பாக்கியை விட்டுக்கொடுக்க மாட்டார்கள். அதில் லானி கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஒஹாயோவின் தென்கிழக்கு மேடுகளில், வீடு வீடாகப் போய் நிலவறையில் இறங்கி, குளிருக்கு வீட்டைச் சூடாக்கும் உலை அடுப்பைப் பழுது பார்ப்பது அவன் பிழைப்பு. தலையில் எப்போதும் புகைக்கரி, வாயில் எப்போதும் ஏதாவது வம்பு. போட்டியில் கூவி நேரம் குறிக்கும் கோரலியின் கருவிக்குப் பொம்மைக் கண்கள் ஒட்டியது அவன்தான். அட்டை இலக்குகளுக்கு முந்தின நாளே போய் மீசை வரைந்து வைத்ததும் அவன்தான். கோரலி பல் மருத்துவமனையில் வேலை பார்ப்பவள், ஞாயிறு போட்டிகளை நடத்துபவள். யாராக இருந்தாலும் வாயைத் திறக்கச் சொல்லிப் பழகியவள். லானியிடம் மட்டும்தான் மூடச் சொல்லுவாள்.

வென்டல் டிராட்மேனை அந்தக் கிளப்புக்கு இழுத்து வந்ததே லானிதான். வென்டல் ஒரு காலத்தில் பள்ளிக்கூட பஸ் ஓட்டியவர். சின்ன வயசில் லானி அந்த பஸ்ஸில் யாருடைய சாப்பாட்டு டப்பாவிலோ தவளையை விட்டான். அன்று முதல் டிரைவருக்குப் பின்னால் இருக்கும் இருக்கை அவனுக்கு நிரந்தரமானது. அவனை இறக்கிவிடும் இடத்தில் வீட்டு விளக்கு எரியாவிட்டால் வென்டல் பஸ்ஸை எடுக்க மாட்டார். "இன்ஜின் சூடாயிருச்சு, ஆறட்டும்" என்று பொதுவாகச் சொல்லிவிட்டு ஸ்டியரிங்கில் தாளம் போட்டுக்கொண்டிருப்பார். அம்மாவின் கார் வந்து நின்ற பிறகுதான் அந்த இன்ஜின் ஆறும்.

வென்டலின் மனைவி இறந்துபோன பிறகு ஞாயிற்றுக்கிழமை என்று அவருக்கு மிச்சமிருந்ததே கிளப்தான். வருவார், பிஸ்டலால் நிதானமாகச் சுடுவார், கடைசியிலிருந்து இரண்டாவதாக வருவார், எல்லோருக்கும் காபி ஊற்றிக் கொடுப்பார். அப்புறம் வலது கை நடுங்க ஆரம்பித்தது. முதலில் காபி தளும்பியது. எல்லோரும் பார்த்தார்கள், யாரும் பார்த்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

மார்ச் மாதப் போட்டியில் அவர் மேகசின் மாற்றும்போது கை உதறி, பிஸ்டலின் வாய் ஆட்கள் நிற்கும் பக்கம் திரும்பிவிட்டது. "நிறுத்துங்க!" என்று கோரலி கத்தினாள். விதி விதிதான். அன்றைய போட்டியிலிருந்து அவர் வெளியே. வெளியே போகிறவர் எல்லோருக்கும் ஐஸ்கிரீம் வாங்கித் தர வேண்டும் என்பது கிளப்பின் பழக்கம். வாங்கித் தந்தார். அவர் கையிலிருந்த கோன் ஆடியது. ஆளுக்கொரு பக்கம் வானத்தைப் பார்த்தார்கள்.

லானி வானத்தைப் பார்க்கவில்லை. "பெருசு, ஐஸ்கிரீமை ஆட்டி ஆட்டி மில்க்‌ஷேக்காவே ஆக்கிட்டீங்களே!"

முதலில் சிரித்தது வென்டல்தான். அப்புறம்தான் மற்றவர்களுக்கு மூச்சு வந்தது.

கோரலி அவரைத் தனியே கூப்பிட்டுப் பேசினாள். லானி தனியே விடுகிற ஆளா? கூடவே போய் நின்றான்.

"பிஸ்டல் இனிமே வேண்டாம் வென்டல். கார்பைனோட வாங்க. அதே பிஸ்டல் தோட்டாதான், ஆனா தோள்ல சாத்திச் சுடலாம். தோளு, கன்னம், ரெண்டு கை. இத்தனை பிடிமானம் இருந்தா உங்க கை உங்களை ஒண்ணும் பண்ணாது. அடுத்த மாசப் போட்டிக்கு அப்படி வந்தா சுடலாம். இல்லேன்னா..."

"இல்லேன்னா காபி ஊத்திட்டுப் போறேன்" என்றார் வென்டல். அதைச் சொன்ன விதம் லானிக்குப் பிடிக்கவில்லை.

ஏப்ரலில் ஒரு வியாழன் மாலை, வென்டல் எதை வாங்கலாம் என்று பார்ப்பதற்காக லானியும் கோரலியும் ஆளுக்கொரு கார்பைனை எடுத்துக்கொண்டு கிளப் மைதானத்துக்கு வந்தார்கள். சேறு கணுக்காலைப் பிடித்து இழுத்தது. தோட்டா அறை காலி என்பதற்கு அடையாளமாக இரண்டு துப்பாக்கியிலும் மஞ்சள் கொடி நீட்டிக்கொண்டிருந்தது. வென்டல் தன் வீட்டிலேயே நிரப்பிய தோட்டாக்களை ஒரு டப்பாவில் கொண்டுவந்திருந்தார். துப்பாக்கி எதைத் தின்றுதான் காலம் தள்ளப்போகிறதோ அதைக் கொடுத்துப் பார்ப்பதுதானே சோதனை?

"எனக்கு வேகமெல்லாம் வேண்டாம்டா. அமுக்கினா வெடிக்கணும், அடுத்த தோட்டா தானா ஏறணும். நடுவுல நின்னுட்டா இந்தக் கையை வெச்சுக்கிட்டு நான் சரிபண்ண முடியாது" என்றார் வென்டல்.

"அப்ப ஏன் ரெண்டு துப்பாக்கி? என்னோடது ஒண்ணு போதும். ஒருநாளும்..."

"சிக்கினதில்ல" என்று கோரலி முடித்தாள். "எங்கே, சுட்டுக் காட்டு அதை."

வென்டலின் தோட்டாக்களோடு லானியின் துப்பாக்கி மூன்று முறை வெடித்து நின்றது. போல்ட் பாதியில் தொங்கியது. மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்து, தோட்டாவைச் சேற்றில் தள்ளினான். மறுபடி ஏற்றினார்கள். மறுபடி நின்றது. கோரலியின் முகத்தில் பல வருஷத்துச் சந்தோஷம் பரவிக்கொண்டிருந்தது.

காரணம் சொல்ல வாயைத் திறந்துகொண்டே லானி குனிந்து தோட்டாவை எடுத்தான். கட்டைவிரலால் சேற்றைத் துடைத்தான். ஈயத் தலை ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. பித்தளைக் கூட்டின் வாயோரம் வீங்கியிருந்தது. இன்னொன்றை எடுத்தான், அதுவும் அப்படியே. வென்டலின் தோட்டாக்கள் அச்சில் வார்த்த மாதிரி இருக்கும் என்று கிளப்பே சொல்லும். நடுங்குகிற விரலால் ஈயத்தைத் தூக்கி வைத்தால் அச்சு என்ன செய்யும், பாவம்.

வென்டல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

லானி தோட்டாக்களைப் பையில் போட்டான். "என் துப்பாக்கிதான் குப்பை" என்றான்.

கோரலியின் வாய் திறந்தபடி நின்றது. பல் மருத்துவமனையில் மற்றவர்களைத் திறக்கச் சொல்கிற அளவுக்கு.

"என்ன சொன்னே?"

"குப்பைன்னேன். எப்பவுமே சிக்கும். வெளியில சொல்லிக்கறதில்ல."

"இரு, ஃபோன்ல பதிவு பண்றேன், இன்னொரு தடவை சொல்லு."

சொன்னான். பிறகு வென்டல் கோரலியின் பழைய கார்பைனை எடுத்தார். தேய்ந்து அகன்ற அதன் அறை கோணல் தோட்டா, நேர் தோட்டா எல்லாவற்றையும் விழுங்கியது. "இதுதான் நம்பகமானது. இதே மாதிரி ஒண்ணு டவுன்ல கடையில இருக்கு. சனிக்கிழமை போய் வாங்கிடறேன்" என்றார் வென்டல். முகத்தில் அத்தனை நிம்மதி.

லானிக்கும் நிம்மதியாகத்தான் இருந்தது, மறுநாள் மதியம் வரை. ஒரு வீட்டு நிலவறையில் உலையின் இறுகிப்போன திருகோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தபோது உறைத்தது. கோரலியின் துப்பாக்கியில் போல்ட்டை இழுக்கும் பிடி பின்னால், மேலே, இரண்டு விரலுக்குத்தான் இடம். ஸ்பிரிங் வேறு கழுதை மாதிரி முரண்டு பிடிக்கும். நேற்று ஒவ்வொரு முறையும் அதை இழுத்துக் கொடுத்தது கோரலி. போட்டியில் யார் இழுத்துக் கொடுப்பார்கள்? தவிர அந்தத் தோட்டாக்கள். ஈயத்தைக் கோணலாக வைத்த கை வெடிமருந்தை மட்டும் அளவாகவா போட்டிருக்கும்? ஒன்றில் கூடிப்போனால் அது அவர் கன்னத்துக்குப் பக்கத்தில் வெடிக்கும்.

நல்ல காரியம் என்று நினைத்துச் சொன்ன ஒரு பொய், ஆளைத் தப்பான துப்பாக்கியோடும் தப்பான தோட்டாவோடும் அனுப்பப் போகிறது. வாழ்நாளெல்லாம் குறும்புக்குப் பொய் சொன்னபோது இப்படி ஒன்றும் ஆனதில்லையே என்று லானி உலையிடம் முறையிட்டான்.

வேலை முடிந்ததும் நேராக வென்டலின் கராஜுக்குப் போனான். வென்டல் தோட்டா நிரப்பும் லீவர் முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார்.

"பெருசு, என் துப்பாக்கி சிக்கல."

"அதைத்தானேடா தினமும் சொல்றே."

"இல்ல. இந்தத் தடவை நெசமாவே."

பையிலிருந்து அந்தத் தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தான். பக்கத்தில் அளவு பார்க்கிற, துளை போட்ட இரும்புக் கட்டை கிடந்தது. வென்டலே தோட்டாவை எடுத்தார். துளையைக் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. லானி உதவவில்லை. கைகளைப் பையில் திணித்துக்கொண்டு நின்றான். தோட்டா உள்ளே இறங்காமல் பாதியில் நின்றுகொண்டது.

வென்டல் அதை உருவி மேசைமேல் வைத்தார்.

"லீவரை இழுக்கறது தோளு, கையில்லன்னு எனக்கு நானே சொல்லிட்டிருந்தேன்" என்றார்.

"தெரியும்."

"உனக்கு நேத்தே தெரிஞ்சுது."

"ம்."

"கோரலி முன்னால அப்படிச் சொன்னியே. உன் துப்பாக்கியைப் போய்."

"அதைப் பத்திப் பேசாதீங்க." லானி மூக்கை உறிஞ்சினான். நிலவறைத் தூசி. "இந்த டப்பாவுல இருக்கற எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டுடலாம். ஒண்ணு வெடிச்சுதுன்னா மூஞ்சி போயிடும். ஏற்கெனவே சுமாராத்தான் இருக்கு."

வென்டல் சிரிக்கவில்லை. ஸ்டூலிலிருந்து மெதுவாக எழுந்து ஓரமாக நகர்ந்தார். "உக்காரு" என்றார். "மருந்து மட்டத்தை நான் பாக்கறேன். கண்ணு இன்னும் ஆடல."

லானி உட்கார்ந்தான். வென்டலின் ஸ்டூலில் இதுவரை யாரும் உட்கார்ந்ததில்லை.

பிறகு லானி தன் கார்பைனை வேனிலிருந்து கொண்டுவந்து, காலி என்று இருவரும் பார்த்த பிறகு நீட்டினான். அதன் பிடி பக்கவாட்டில், கதவுக் குமிழ் மாதிரி பெரிதாக இருந்தது. வென்டல் விரலால் தேடவில்லை. உள்ளங்கையை அப்படியே கொக்கி போல மாட்டி இழுத்தார். போல்ட் பின்னால் வந்தது. கை நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. போல்ட்டுக்கு அது தெரியவில்லை.

"இன்னொரு தடவை இழுங்க."

இழுத்தார். இன்னொரு தடவை, அவராகவே.

"இதே மாதிரிதான் வாங்கறேன். ஆனா இதுல நீ தொங்கவிட்டிருக்கற சாமானெல்லாம் எனக்கு வேண்டாம். கிறிஸ்துமஸ் மரம் மாதிரி இருக்கு."

"வாங்கிக்கோங்க. ஒண்ணு மட்டும். கிளப்ல யாருக்கும் சொல்லக்கூடாது."

"என்னன்னு?"

"என் துப்பாக்கி நல்லாயிருக்குன்னு" என்றான் லானி. அதைச் சொல்ல அவனுக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்பது அவன் முகத்தைப் பார்த்தவர்களுக்குத்தான் தெரியும். பார்த்தவர் ஒருவர்தான்.

ஏப்ரல் கடைசி ஞாயிறு. வெயில் அடித்தது, சேறு காய்ந்திருந்தது. வென்டலின் முறை வந்தது. கராஜில் இருவரும் நிரப்பியது இன்னும் டப்பாவை நிறைக்காததால் இப்போதைக்குக் கடையில் வாங்கின தோட்டா, சாமான் ஒன்றும் தொங்காத புதுக் கார்பைன். உள்ளங்கையால் இழுத்து ஏற்றினார். நேரக்கருவி கூவியது. அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு அட்டைக்கும் இரண்டு, கடைசியில் இரும்புத் தகடு டங்கென்று விழுந்தது. ஒரு இடத்திலும் நிற்கவில்லை. போல்ட் திறந்து நின்றது, மஞ்சள் கொடி ஏறியது. கோரலி நேரத்தைச் சொன்னாள். கடைசியிலிருந்து இரண்டாவதாக வருவதற்கு வேண்டிய நேரம்தான்.

"சுத்தமா ஓடுச்சு வென்டல்!" கோரலி துப்பாக்கியை உற்றுப் பார்த்தாள். "இருங்க, இருங்க. இது லானியோட அதே துப்பாக்கி இல்ல? அவன்கிட்ட அந்த முக்கு முக்குச்சே, உங்ககிட்ட மட்டும் எப்படி ஓடுது?"

எல்லோரும் லானியைப் பார்த்தார்கள். லானியின் தாடை ஒரு முறை அசைந்தது. கழுத்து சிவந்தது. "ஒருநாளும்" என்ற சொல் பல்லுக்குப் பின்னால் வந்து முட்டிக்கொண்டு நின்றது.

"ஆளைப் பாத்துதான் ஓடும்" என்றார் வென்டல்.

கூட்டம் கொல்லென்று சிரித்தது. அந்தச் சிரிப்பை இனி பல வருஷம் கேட்க வேண்டியிருக்கும் என்று லானிக்குத் தெரிந்தது.

"ஆமா. குப்பைதான் அது" என்றான்.