அத்திப்பால் பட்ட கை

சீமை அத்தியைக் காய்க்க வைப்பது எப்படி என்று கேட்டுக்கொண்டு இப்போதெல்லாம் மாதத்துக்கு இரண்டு பேராவது என் வீட்டுக்கு வருகிறார்கள். விராலிமலைப் பக்கத்துக் காய்ந்த மண்ணில் இருபது மரத்தைக் கிளை தாங்காமல் காய்க்க வைத்தவன் என்று எனக்கு ஒரு பெயர் கிளம்பியிருக்கிறது. வருகிறவர்கள் எல்லாரும் ஒரே ரகம். நர்சரிக்காரன் பேச்சைக் கேட்டு நட்டிருப்பார்கள், மூன்று வருடம் தண்ணீர் விட்டிருப்பார்கள், மரம் கூரைக்கு மேலே போயிருக்கும், காய் மட்டும் இருக்காது. "கத்தி வச்சீங்களா?" என்று கேட்பேன். "தளதளன்னு நிக்கிதுங்க, வெட்ட மனசு வரல" என்பார்கள். தளதளவென்று நிற்பதை வைத்து என்ன செய்யப் போகிறீர்கள், ஆடு வளர்க்கிறீர்களா என்பேன். முகம் சுருங்கிப்போகும். அதைப் பார்ப்பதில் எனக்கு ஒரு சந்தோஷம். மறைப்பானேன்.

பிறகு ஒழுங்காகவே சொல்லிக் கொடுப்பேன். ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்ததும் தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். மரம் வாடி இலை பழுத்து விழட்டும். மார்கழிக் கடைசியில் கவாத்து. உள்பக்கம் பார்த்து வளர்கிற கிளை, ஒன்றோடு ஒன்று உரசுகிற கிளை, தூரிலிருந்து கிளம்புகிற குருத்து, எல்லாம் போக வேண்டும். நடு திறந்திருக்க, நாலைந்து கிளை மட்டும் வெளியே விரிந்து நிற்கட்டும். அவற்றிலும் போன வருடம் வளர்ந்ததில் நாலு கணு விட்டு மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். அரிவாளால் கொத்தக் கூடாது. வெளியே பார்க்கிற கணுவுக்குச் சற்று மேலே, கத்தரியால் சாய்வாக ஒரே வெட்டு. வெட்டுவாயில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் குழைத்துப் பூச வேண்டும். துளிர்க்காமல் கிடக்கிற கணுவுக்கு மேலே பட்டையில் கத்தி நுனியால் ஒரு கீறல் போட்டால் அதுவும் விழித்துக்கொள்ளும். அப்புறம் எரு, தண்ணீர். அத்தி பெரும்பாலும் புதுக்கிளையில்தான் காய்க்கும். பழைய கிளையைக் கட்டிக்கொண்டு அழுகிறவனுக்கு இலைதான். புதுக்கிளை ஐந்தாறு இலை விட்டதும் நுனியைக் கிள்ளிவிட்டால், இலைக்கக்கத்தில் பட்டாணி அளவில் பிஞ்சு உட்காரும்.

இவ்வளவும் சொல்வேன். அத்திப்பால் கையில் பட்டு வெயிலும் பட்டால் தோல் பொத்துவிடும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள் என்றும் சொல்வேன். அந்த மரங்கள் என்னுடையவை இல்லை என்பதை மட்டும் சொல்வதில்லை.

மரங்கள் என் தம்பியுடையவை. எங்கள் அப்பாவின் நிலம் எனக்குப் பாதி, அவனுக்குப் பாதி. என் பாதியில் இருந்த போர் வற்றிப் பல வருடம் ஆகிறது. அவன் வளைகுடா போய்ச் சம்பாதித்துத் தன் பாதியில் போர் போட்டான், தண்ணீர் பீய்ச்சிக்கொண்டு வந்தது. அவன் பாதியையும் சேர்த்து நானே உழுதேன், அவன் தண்ணீரில் என் கடலை விளைந்தது. "நீங்களே பாத்துக்கங்கண்ணே, நான் என்னத்தக் கேக்கப்போறேன்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தான். உண்மையிலேயே ஒன்றும் கேட்கவில்லை. அவன் குணம் அப்படி. அதுதான் எனக்கு எரிச்சல்.

அங்கே அவனுக்கு மொட்டை மாடிகளில் ஏசி மாட்டுகிற வேலை. வெயிலில் இரண்டு முறை மயங்கி விழுந்திருக்கிறான் என்று அவன் மனைவி சொன்னாள். ஒரு லீவில் வந்தபோது இருபது அத்திக் கன்று வாங்கிவந்து தன் கையால் நட்டான். அந்த ஊரில் தின்று பார்த்தானாம், அப்படி ஒரு ருசியாம். கிளம்புகிற அன்று பஸ்ஸுக்கு நிற்கும்போது சொன்னான். "இது மட்டும் காய்ச்சுருச்சுன்னா நான் வந்துர்றேண்ணே. அப்பறம் சத்தியமா அங்க போகமாட்டேன். மரத்தப் பாத்துக்கிட்டு ஒங்க பக்கத்துலயே கெடந்துருவேன்." என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான். நான் தலையை ஆட்டினேன்.

வெள்ளிக்கிழமை அவனுக்கு லீவு. மூன்று வருடமாக எல்லா வெள்ளிக்கிழமையும் வீடியோவில் வருவான். தம்பி மனைவி போனைப் பிடித்துக்கொண்டு வரப்பில் நடப்பாள், நான் ஒவ்வொரு மரமாகக் காட்ட வேண்டும். மரம் இரண்டாள் உயரம் வளர்ந்தது, காய்க்கவில்லை. வெட்டலாம் என்றால் விடமாட்டான். "கழுத்த அறுக்குற மாதிரி இருக்குண்ணே." கடைசியில் மூன்றாவது மார்கழியில் அவனைக் கேட்காமலே கவாத்து செய்தேன். இருபது மரமும் மொட்டையாகக் குச்சி குச்சியாய் நிற்பதை வெள்ளிக்கிழமை காட்டினேன். அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் கவிழ்த்துக்கொண்டான். நாற்பது வயது ஆண்பிள்ளை மரத்துக்காக அழுகிறான். நான் போனை இன்னும் கிட்டக் கொண்டுபோகச் சொல்லி, வெட்டுவாய் ஒவ்வொன்றையும் காட்டினேன்.

ஆனால் வெட்டிய வெட்டு சரியான வெட்டு. தொழிலில் நான் யாரையும் ஏமாற்றியதில்லை. மாசி பிறந்ததும் புதுக்கிளை பீறிக்கொண்டு வந்தது, ஐந்தாறு இலை விட்டதும் நுனி கிள்ளினேன். ஒரு நாள் காலையில் போய் இலையைத் தூக்கிப் பார்த்தால் கக்கத்துக்குக் கக்கம் பிஞ்சு. இருபது மரத்திலும். சந்தோஷப்பட வேண்டிய இடத்தில் எனக்கு முதலில் தோன்றியது, இவன் வந்துவிடுவான் என்பதுதான்.

வந்தால் தண்ணீர் அவனுடையது. நிலம் அவனுடையது. அது மட்டும் இல்லை. அவன் ஊரில் இருக்கும்போது டீக்கடையில் எல்லாரும் அவனுக்குத்தான் இடம் விடுவார்கள். யாருக்கும் தீங்கு நினைக்காதவன் என்பார்கள். அவன் போனதும் எனக்கு இடம் கிடைக்கும். இதையெல்லாம் ஐம்பது வயதுக்கு மேல் ஒருவன் மனதில் வைத்திருப்பானா என்றால், வைத்திருந்தேன்.

அவனுக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை ஒப்பந்தம். தொடர்ந்து இருப்பதா, ஊருக்கு வருவதா என்று சித்திரை முடிவதற்குள் கம்பெனிக்குச் சொல்லிவிட வேண்டும். சித்திரை முடிய இன்னும் ஒன்றரை மாதம் இருந்தது. நான் பிஞ்சுகளைக் கிள்ள ஆரம்பித்தேன்.

கத்தரி வேண்டியதில்லை. கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போதும், பிடித்து ஒரு திருகு. வெள்ளையாகப் பால் வரும். தினமும் காலையில் ஐந்து மரம், நாலு நாளில் ஒரு சுற்று. கிள்ளிய பிஞ்சைத் துண்டில் கட்டிக்கொண்டு போய் என் ஆடுகளுக்குப் போட்டேன். கையுறை வாங்கவில்லை. வாங்கினால் எதற்கு என்று கேட்பார்கள். பங்குனி வெயிலில் பால் பட்ட இடமெல்லாம் பொத்து, விரலிடுக்கில் கொப்புளம் உடைந்து நீர் வடிந்தது. சோறு பிசைந்தால் எரியும். எரிந்தாலும் மறுநாள் போவேன்.

"ஒண்ணு கூடவாண்ணே இல்ல?" என்று வெள்ளிக்கிழமை கேட்பான்.

"பிஞ்சு பிடிக்கிதுடா, வெக்கையில கொட்டிருது. ஒன் மண்ணு அப்புடி, என்னை என்ன பண்ணச் சொல்ற?"

"மண்ணு வேணா மாத்திப் பாப்பமாண்ணே?"

"மாத்து. பாலைவனத்துலேருந்து நாலு லோடு அனுப்பு" என்றேன். அதற்கும் சிரித்தான்.

சித்திரை பிறந்து இரண்டாவது வெள்ளிக்கிழமை அவனே ஒரு யோசனை சொன்னான். எங்கள் பக்கத்தில், வளர்ந்தும் காய்க்காத மரத்தின் கழுத்தில் பழைய செருப்பையும் தேய்ந்த விளக்குமாற்றையும் கட்டித் தொங்கவிடுவார்கள். அவமானம் தாங்காமல் காய்க்கும் என்று நம்பிக்கை. தன்னுடைய பழைய செருப்பையே கட்டச் சொன்னான். கடைசி லீவில் விட்டுப்போன செருப்பு, அவன் மனைவி துடைத்துக் கதவுக்குப் பின்னால் வைத்திருந்தாள். அதை எடுத்துவந்து முதல் மரத்தில் சணலால் கட்டினாள். கட்டும்போது ஒருதரம் முந்தானையால் துடைத்தாள். விளக்குமாற்றைக் கட்டுவதற்கு முன்னால் அதாலேயே மரத்தை மூன்று அடி அடித்தாள். ஊரில் எல்லாரும் ஒப்புக்குத்தான் அடிப்பார்கள். இவள் நிஜமாகவே அடித்தாள்.

"வெக்கமா இல்ல ஒனக்கு? அந்த மனுசன் அங்கிட்டு வெயில்ல வெந்து சாகுறாரு. நீ இங்கிட்டு எலைய ஆட்டிக்கிட்டு நிக்கிற. குடிச்ச தண்ணிக்காச்சும் நாலு காய் காய்க்கக் கூடாதா? நீ காய்ச்சாத்தான் அவரு வருவாரு. தெரியுமா தெரியாதா ஒனக்கு?"

போனுக்குள் அவன் "போதும்மா, போதும்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். அன்று காலையில்தான் அந்த மரத்தில் முப்பது பிஞ்சு கிள்ளியிருந்தேன். நான் என்ன சொன்னேன் தெரியுமா? "நல்லா அடி ஆத்தா. அப்பத்தான் அதுக்குப் புத்தி வரும்" என்றேன்.

சித்திரைக் கடைசியில் அவன் போன் செய்தான். "கையெழுத்துப் போட்டுட்டேண்ணே. இன்னும் ரெண்டு வருசம்." குரலில் ஒன்றும் காட்டிக்கொள்ளவில்லை. "மரத்தத் திட்டாதீங்க, அது என்ன பண்ணும்" என்றான். அன்று மத்தியானம் கடலைக்குத் தண்ணீர் பாய்ச்சிவிட்டு வந்து படுத்தேன். நன்றாகத் தூங்கினேன். தூக்கம் வரவில்லை, மனசாட்சி குத்தியது என்று எழுதினால் படிக்கிறவர்களுக்கு ஆறுதலாக இருக்கும். ஆனால் நன்றாகத்தான் தூங்கினேன். மறுநாளிலிருந்து பிஞ்சைக் கிள்ளுவதை விட்டுவிட்டேன். இனி அவசியம் இல்லையே.

வைகாசியில், லீவில் வந்த பக்கத்து ஊர்க்காரர் ஒருவரிடம் தம்பி எனக்கு ஒரு பார்சல் கொடுத்து அனுப்பியிருந்தான். தம்பி மனைவி அதை எடுத்துக்கொண்டு என் களத்துக்கு வந்தாள். பிரித்தேன். சிவப்புப் பிடி போட்ட கவாத்துக் கத்தரி ஒன்று. முழங்கை வரை வருகிற தோல் கையுறை ஒரு ஜோடி.

"செருப்புக் கட்டுன அன்னிக்கி வீடியோவுல ஒங்க கையப் பாத்தாராம்" என்றாள் அவள். "அண்ணன் கை இப்புடிப் பொத்துப்போயிருக்கே, என் மரத்துக்காக இந்தப் பாடு படுறாரேன்னு ரெண்டு நாளு சாப்புடலையாம். நல்ல தோலா பாத்து வாங்கினேன்னு சொல்லச் சொன்னாரு."

நான் கையுறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவள் போகவில்லை. நின்றுகொண்டே இருந்தாள்.

"கவாத்து மார்கழியிலயே முடிஞ்சுருச்சே மாமா" என்றாள். "பங்குனி, சித்திரையில ஒங்க கை எதுக்குப் பொத்துச்சு?"

பேச்சில் எனக்கு எதிர் நிற்க ஊரில் ஆள் கிடையாது. அன்றைக்குக் கையுறையை மடித்துத் திரும்பப் பார்சலுக்குள் வைத்தேன்.

"இப்ப ஒரு மாசமா மரத்துல பிஞ்சு கொட்டவே இல்ல. வெயிலு அப்புடியேதான் அடிக்கிது" என்றாள். "நான் அவருகிட்டச் சொல்லல. சொல்லவும் மாட்டேன். அங்க ஒத்தையாக் கெடக்குற மனுசன். ஊருல அண்ணன் இருக்காருங்கிற தைரியத்துலதான் ஓடிக்கிட்டு இருக்காரு. அதையும் நான் புடுங்கிறதா?" அழவில்லை, கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். களத்து ஓரம்வரை போய்த் திரும்பினாள். "ஒண்ணு மட்டும். வெள்ளிக்கெழம வெள்ளிக்கெழம நீங்கதான் மரத்தக் காட்டணும். தண்ணிக்கி எப்பயும்போல மோட்டாரு போட்டுக்கங்க."

அந்த ஆடியில் மரம் காய்த்தது. அப்படிக் காய்த்து நான் பார்த்ததில்லை. மயில்கள் கூட்டமாக வந்து கொத்தியும் மிச்சம் கூடை கூடையாய் இருந்தது. அவள் செருப்பை அவிழ்த்துத் துடைத்துத் திரும்பவும் கதவுக்குப் பின்னால் வைத்தாள். வெள்ளிக்கிழமை போனைப் பிடித்துக்கொண்டு வந்தாள். நான் கையுறை போட்டுக்கொண்டு ஒரு கிளையைத் தாழ்த்திப் பிடித்துக் காட்டினேன்.

"ரெண்டு மாசம் முன்னாடி காய்ச்சிருக்கக் கூடாதாண்ணே" என்றான். உடனே சிரித்தான். "பரவால்ல. எல்லாம் ஒங்க கைதாண்ணே. வந்ததும் அந்தக் கையப் புடிச்சுக் கண்ணுல ஒத்திக்கிறேன்."

அவள் போனை அசைக்காமல் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அவன் வர இன்னும் ஒரு வருடம் இருக்கிறது. போன மார்கழியிலும் கவாத்து செய்தேன். இந்த முறை அவனே வீடியோவில் ஒவ்வொரு வெட்டையும் பார்த்துக்கொண்டிருந்தான், வெட்ட வெட்டச் சந்தோஷப்பட்டான். இருபதாவது மரம் முடிந்ததும், "அண்ணே, கையுறையக் கழட்டிக் கையக் காட்டுங்க. பழைய புண்ணு ஆறிருச்சான்னு பாக்கணும்" என்றான். நான் தயங்கினேன். "காட்டுங்க மாமா" என்றாள் அவள். கழற்றிக் காட்டினேன். அத்திப்பால் பட்ட இடம் ஆறினாலும் கறுப்பு போகாது. விரலிடுக்கெல்லாம் திட்டுத் திட்டாக இருந்தது.

"ஆறிருச்சுடா" என்றேன்.

"இன்னும் கிட்டக் காட்டும்மா" என்று அவளிடம் சொன்னான். அவள் போனை என் கைக்குப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.