ஒரு பாட்டு முடியும்வரை

சுவிஸில், நொஷாட்டல் போகும் ரயிலில் எதிரே வந்தமர்ந்த கறுப்பினப் பெண்ணின் தலையிலிருந்து முடிக்குப் பூசும் ஷியா வெண்ணெய் மணத்தது. எங்கள் வீட்டுக்குக் கீழே முன்பிருந்த, இப்போது போன் கடையாகிவிட்ட, கிளோடின் அன்ரியின் முடி பின்னும் கடைக்குள் நினைவில் போய்விட்டேன். சனிக்கிழமைகளில் ஈரத் துவாய்கள் ஹீட்டரில் காய, கமரூனிலிருந்து வந்த அன்ரி, தன் மகள் எஸ்தரையும் அவளைப் போன்ற சிறுமிகளையும் ஒவ்வொருவராக நாற்காலியில் இருத்துவார். சீப்பை உடனே எடுக்கமாட்டார். சுருள்முடி விரிந்து நிற்க, சீடியில் ஒரு பாட்டு முடியும்வரை அவர்கள் கண்ணாடியில் தங்களைப் பார்க்க வேண்டும். தலை குனிந்தால் பாட்டு மறுபடி முதலிலிருந்து தொடங்கும். பள்ளியில் முடிக்காகக் கேலிக்கு ஆளான எஸ்தர் முதலில் அழுதாள். பிறகு பாட்டோடு சேர்ந்து முணுமுணுத்தாள்.

ஒருநாள் அன்ரி நாற்காலியைத் தட்டி, "நீயும் வந்து இரு" என்று பிரெஞ்சில் என்னைக் கூப்பிட்டார்.

"இதைப் பூசு, இல்லாட்டி இன்னும் கறுத்துப்போவாய்" என்று அம்மா காலையில் தடவிவிட்ட வெள்ளைக் கிறீம் என் முகத்தில் இருந்தது.

"எனக்குப் பின்னத் தேவையில்லை, அன்ரி" என்று வாசலிலேயே நின்றுகொண்டேன்.

ரயில் சுரங்கத்துக்குள் நுழைந்தது. ஜன்னலில் என் முகம் தெரிந்ததும், வழக்கம்போல் தலையைக் குனிந்து போனை எடுத்துக்கொண்டேன்.