மூன்றாம் தரமும் பூக் கேட்டவன்

நாங்கள் இருவரும் ஒரே நிறுவனத்தில் விமானம் ஓட்டுகிறோம். தொழிற்சங்கம் பேசி முடித்த புதிய ஒப்பந்தத்தில் சம்பளம் கூடுகிறது, ஓய்வு நாள் குறைகிறது. ஏற்பதா மறுப்பதா என்று அன்று மாலைக்குள் கைப்பேசியில் வாக்களிக்க வேண்டும். என்னோடு லீவில் முல்லைத்தீவுக்கு வந்திருந்த சிநேகிதனுக்கு முடிவெடுக்க முடியவில்லை. என்னையும் இழுத்துக்கொண்டு வற்றாப்பளை அம்மன் கோயிலுக்குப் போனான். நடுவானில் இடி மின்னலுக்குள் நொடியில் முடிவெடுப்பவன் பூக் கட்டிப் பார்க்கப் போகிறானாம்!

வெள்ளைப் பூ வந்தால் ஓம், சிவப்பு வந்தால் இல்லை. பூசகர் இரண்டையும் தனித்தனி வெற்றிலையில் மடித்து அம்மன் முன் வைத்தார். அவன் எடுத்த மடிப்பில் வெள்ளை இருந்தது. அதோடு எழுந்து வந்திருக்கலாம்.

“ஐயா, இன்னொருக்கா வையுங்கோ. ஒரு கருவி சொல்லுறதை மட்டும் நாங்கள் நம்பிறேல்லை.”

இரண்டாம் தரம் சிவப்பு வந்தது. விமானத்தில் மூன்று கருவி இருக்கும், இரண்டு ஒத்துச் சொன்னால் அதைத்தான் நம்புவோம், மூன்றாம் தரமும் வையுங்கோ என்று பூசகருக்கே வகுப்பெடுக்கத் தொடங்கினான். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“தம்பி, இஞ்ச இருக்கிறது ஒரு அம்மாள்தான்” என்றுவிட்டு, பூசகர் வெற்றிலைகளோடு உள்ளே போய்விட்டார்.

வெளியே வந்ததும், “அது சரி, நீ எதுக்கு வாக்குப் போட்டனீ?” என்று கேட்டான்.

நான் செருப்பைத் தேடுவதுபோல் குனிந்துகொண்டேன். அவனுக்கு வரும் பூவைப் பார்த்து, அதையே போடலாமென்றுதான் நானும் கூடப் போயிருந்தேன்.