இரண்டு மணித் தடம்

பின்பக்கமாக நடந்துகொண்டே நெல்லா ஃபூரி மணலைச் சீவுகிறார். கையில் இரும்புப் பற்கள் வைத்த நீளக் கம்பு. வீட்டைச் சுற்றி இரண்டு எட்டு அகலத்துக்கு ஆற்றுமணல். சூரியன் மலைக்குப் பின்னால் இறங்குவதற்குள் முழுச் சுற்றையும் முடித்தாக வேண்டும். கடைசிக் கோட்டைச் சமையலறைப் படியில் நின்றபடி இழுத்துவிட்டு, கம்பைச் சுவரில் சாய்த்துவிட்டு உள்ளே போய்விடுவார். விடியும்வரை அந்த மணலில் அவருடைய கால் படாது.

“இனிமே எழுத வேண்டியவங்க எழுதட்டும்” என்பார் கதவைச் சாத்துமுன்.

எழுதுகிறவர்களுக்குக் குறைவில்லை. காலையில் ஒரு கையில் தேநீர்க் கோப்பையும் மறு கையில் காய்ந்த ரஸ்க்குமாகப் படியில் உட்கார்ந்து அவர் மணலைப் படிக்கும் அழகு, மற்றவர்கள் செய்தித்தாள் படிப்பதைப் போல இருக்கும். கண்ணாடியை ஷூ கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருப்பார். இது புனுகுப்பூனை, இது முள்ளம்பன்றி, இந்த இம்பாலா மானுக்கு முன்னங்கால் வலி. நேரமும் சொல்வார். அவர் வீட்டுக்குப் புல் வேய்ந்த கூரை. பின்னிரவு மூன்று மணிக்கு மேல் அதன் விளிம்பிலிருந்து பனி சொட்டும். தடத்தின்மேல் சொட்டுக்குழி விழுந்திருந்தால் மூன்றுக்கு முன்னால் வந்தது. குழியை மிதித்துக்கொண்டு போயிருந்தால் பின்னால் வந்தது. எல்லாவற்றையும் ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவைப்பார். கடைசிப் பத்தி மட்டும் தனி. அதன் தலைப்பு: ‘காவலர்’.

எழுபத்து மூன்று வயது. கணவர் லோரன்ஸ் இறந்து நான்கு வருடமாகிறது. அதற்கு முன் பிரிட்டோரியாவில் முப்பத்தொரு வருடம் இரவுப் பணித் தலைமைச் செவிலி. பதினொன்று, இரண்டு, நான்கு மணிக்கு வார்டைச் சுற்றி வந்தே பழகியவர். இப்போதும் அந்த மூன்று நேரங்களில் தானாக விழிப்பு வந்துவிடுகிறதாம். “சுத்தி வராமலே வந்ததா டிக் போட்ட ஒருத்திய ஒரே நாள்ல வீட்டுக்கு அனுப்பினேன்” என்று அடிக்கடி சொல்வார். சொல்லும்போது முதுகு இன்னும் கொஞ்சம் நிமிரும்.

எங்கள் எஸ்டேட் காட்டுக்குள் அமைந்த குடியிருப்பு; மொத்தம் நூற்று நாற்பது வீடுகள், சுற்றிலும் மின்வேலி. உள்ளே மிருகங்கள் சுதந்திரமாகத் திரியலாம். மனிதர்கள் விண்ணப்பம் போட்டுத் திரிய வேண்டும். திரைச்சீலை மண் நிறத்தில்தான் இருக்க வேண்டும், துணிக்கொடி ஒட்டகச்சிவிங்கியின் கண்ணில்கூடப் படக்கூடாது என்று நிர்வாகத்திடமிருந்து கடிதம் வரும். குழாய் ரிப்பேருக்கு வருகிறவர் நுழைவாயிலில் ஒரு மணி நேரம் விரலைத் தேய்த்துக்கொண்டு நிற்பார், கருவிக்கு அவரைப் பிடிக்காது. வேலிக்கு அடியில் பன்றி தோண்டிய பள்ளம் வழியாக வருகிற கழுதைப்புலியிடம் யாரும் கைரேகை கேட்பதில்லை. என் பக்கத்து வீட்டு நெல்லா ஆன்ட்டியின் மணலுக்கும் கடிதம் வந்தது: இயற்கை நிலப்பரப்பை மாற்றியமைத்தது குற்றம். “இதை விட இயற்கையா மணல் எங்க கெடைக்கும்னு கேட்டு எழுதியிருக்கேன். பதில் வரல” என்றார்.

மணல் வந்த கதை வேறு. போன வருடம் ஒரே வாரத்தில் மூன்று வீடுகளில் ஜன்னல் உடைந்தது. மூன்றாவது வீட்டில் மடிக்கணினி காணாமல்போனது. எஸ்டேட் மேலாளர் டெவால்ட் ஸ்வார்ட் நேரில் வந்து பார்த்துவிட்டு, பபூன் குரங்குகள்தான் என்று தீர்ப்புச் சொன்னார்.

“சார்ஜரும்தானே போயிருக்கு?” என்று நெல்லா ஆன்ட்டி கேட்டார்.

“ஆமா ஆன்ட்டி.”

“சார்ஜரையும் மறக்காம எடுத்துட்டுப் போற குரங்குன்னா, தம்பி, அத உன் நாற்காலியிலயே உக்கார வெச்சிடலாம்.”

அடுத்த நாளே ஒரு லாரி மணல் இறக்கினார்.

இரவில் மூன்று முறை காவலர் ஒவ்வொரு வீட்டையும் சுற்றி வர வேண்டும் என்பது ஒப்பந்தம். சுற்றி வந்ததற்குச் சாட்சியாக ஒவ்வொரு வீட்டுக் கம்பத்திலும் தொட்டுக் காட்டுகிற கருவி போன மழையில் செத்துவிட்டது. அதற்குப் பிறகு பதிவேட்டில் டிக் மட்டும். பதினொன்று, இரண்டு, நான்கு என்று ஒரு நாள் விடாமல் மூன்று டிக். ஆனால் மணலில் பதினோரு மணித் தடம் மட்டுமே இருக்கும். இரண்டும் நான்கும் கிடையவே கிடையாது. அந்த ஒற்றைத் தடம் யாருடையது என்பதில் சந்தேகமில்லை. இடது பூட்ஸின் குதிகாலில் ஒரு துண்டு பெயர்ந்திருக்கும், வலது பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருக்கும். அவர்தான் ரிசிமாட்டி, எங்கள் தெருக்களின் இரவுக் காவலர். முப்பத்தைந்து வயதிருக்கும். காலையில் பணி முடிந்து போகும்போது படியருகில் நின்று ஒரு ரஸ்க் வாங்கிக்கொள்வார்.

“ராத்திரி சிறுத்தை ஏதாச்சும் வந்துச்சாம்மா?”

“சிறுத்தை இந்த மாசத்துல ரெண்டு தரம் வந்துட்டுப் போயிடுச்சு. நீதான் வரல.”

ரிசிமாட்டி பெரிதாகச் சிரிப்பார். ரஸ்க்கைத் தேநீரில் தோய்த்துத் தின்றுவிட்டுப் போவார். பதினொரு மாதம் இப்படியே ஓடியது.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நெல்லா ஆன்ட்டி எழுந்து நோட்டை வாசித்தார். “மார்ச் ஒன்பது. முள்ளம்பன்றி ஒண்ணு, புனுகுப்பூனை ஒண்ணு. காவலர், ரெண்டு மணி: இல்ல. நாலு மணி: இல்ல. மார்ச் பத்து…” ஜூன் மாதத்துக்கு வந்தபோது கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. நானும் தட்டினேன். மூன்று பூட்டுப் போட்டுப் படுத்தும் தூங்காதவர்களில் நான் ஒருத்தி. இன்னும் இரண்டு காவலர்களைப் போட வேண்டும் என்பதுதான் ஆன்ட்டியின் கோரிக்கை. நிர்வாகம் உறுதியாக நடவடிக்கை எடுக்கும் என்றார் டெவால்ட்.

எடுத்தது. நான்காம் நாள் கடிதம் வந்தது. வெள்ளிக்கிழமை காலை ஆறு மணிக்கு மேலாளரே வந்து மணலைப் படம் எடுப்பார். மூன்று சுற்றுக்கும் தடம் இல்லாவிட்டால், பொய்யாக டிக் போட்ட காவலர் அன்றே பணிநீக்கம். கூடுதல் காவலர்களைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

கடிதத்தோடு ஆன்ட்டி நுழைவாயிலுக்கு நடந்தார். எனக்கும் கடிதம் வந்திருந்தது, கூடவே போனேன். ரிசிமாட்டி அங்கே ஒரு கயிற்றைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தார். கயிற்றின் மறுமுனையில் தடுப்புக் கம்பம். மோட்டார் பழுதாகி ஒரு வருடத்துக்கு மேலாகிறது. கார் வந்தால் கயிற்றை இழுத்துத் தூக்க வேண்டும்.

“வியாழக்கிழமை ராத்திரி ஒழுங்கா வந்து நடந்துடுப்பா. மூணு தரமும்” என்றார் ஆன்ட்டி.

“எப்படிம்மா வர்றது? ரெண்டு மணிக்கும் நாலு மணிக்கும் சுரங்கத்துல வேலை பாக்குற வீட்டுக்காரங்க ஷிப்ட் முடிஞ்சு வண்டி வண்டியா வருவாங்க. கம்பத்தத் தூக்க ஆள் இல்லன்னு இங்கிருந்துதான் புகார் போச்சு. சுத்துறத விடு, டிக் மட்டும் போட்டுட்டு கம்பத்தப் பிடின்னுட்டாங்க.”

“யாரு சொன்னா?”

“ஸ்வார்ட் ஐயாதான். வாயாலதான் சொன்னாரு, காகிதத்துல இல்ல.” கயிற்றைக் கொக்கியில் மாட்டினார். “எனக்கு ரெண்டு கால்தாம்மா. கம்பத்த விட்டுட்டு வந்தா அது ஒரு புகாரு. வரலன்னா இது ஒரு புகாரு. எதுல அனுப்பினாலும் ஊர்ல ஆறு வாயும் எங்கிட்டத்தான் சோறு கேக்கும்.”

கம்பத்தைப் பற்றிய அந்தப் புகாரில் முதல் பெயர் என்னுடையது. ஒரு நாள் நள்ளிரவுக்கு மேல் விமான நிலையத்திலிருந்து வந்தபோது வாசலில் இருபது நிமிடம் இருட்டில் உட்கார்ந்திருந்தேன். ஒவ்வொரு புதரும் உறுமுவதாகத் தோன்றியது. நான் மலையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

ஆன்ட்டி நேராக மேலாளர் அலுவலகத்துக்குப் போனார். உட்காரவில்லை.

“நான் ஆள் கூட்டச் சொன்னேன். இருக்கிற ஆளத் தொரத்தச் சொல்லல. புகாரத் திருப்பி வாங்கிக்கறேன்.”

“நூத்து நாப்பது வீட்டு முன்னாடி வாசிச்சீங்களே ஆன்ட்டி, எப்படித் திருப்பறது?” டெவால்ட் மரியாதையாகத்தான் பேசினார். “ஆறு மணிக்கு மணல்ல தடம் இருந்தா அவன் தப்பிச்சான், உங்க நோட்டு பொய். தடம் இல்லன்னா நோட்டு நெஜம், அவன் வீட்டுக்கு. ரெண்டுல ஒண்ணு.”

“கம்பத்தச் சரி பண்ணு முதல்ல.”

“உதிரிபாகம் வந்துகிட்டே இருக்கு.”

 பிரிட்டோரியாவில் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பிய அந்தப் பெண்ணைப் பற்றி அதற்குப் பிறகு நான் அவர் வாயால் கேட்கவில்லை.

வியாழன் மாலை வழக்கம்போல மணலைச் சீவினார், வழக்கம்போல முதுகு வளைந்து, கோடு பிசகாமல். பிறகு படியில் உட்கார்ந்து, உப்புக்கண்டம் அரியும் கத்தியால் ஒரு பழைய பூட்ஸைச் சுரண்டிக்கொண்டிருந்தார். லோரன்ஸின் பூட்ஸ். சேறு எடுக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

வெள்ளி காலை ஐந்தரைக்கு என் சமையலறை ஜன்னலில் நின்றேன். கிழக்கே சாம்பல் வெளுப்பு. ஆன்ட்டி படியில் உட்கார்ந்து அந்தப் பூட்ஸை மாட்டிக்கொண்டிருந்தார். இரண்டு காலுறை போட்டும் கால் உள்ளே ஆடியது. இடது குதிகாலில் ஒரு துண்டு வெட்டப்பட்டிருந்தது. பதினொரு மாதத்தில் முதல்முறையாக, விடியுமுன் சீவிய மணலில் இறங்கினார்.

ரிசிமாட்டியின் பதினோரு மணித் தடம் அங்கே இருந்தது. அதைக் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தார். பிறகு அதன் பக்கத்திலேயே, வலது பாதத்தை வெளியே திருப்பி, ஆண்பிள்ளை எட்டு வைத்து, வீட்டைச் சுற்றி நடந்தார். ஒரு சுற்று. மூச்சு வாங்க நின்றார். கொஞ்சம் தள்ளி இன்னொரு சுற்று. ஒரு இடத்தில் எட்டு குறுகிவிட்டது. உள்ளங்கையால் அதை அழித்துவிட்டு மறுபடி மிதித்தார். பூட்ஸைக் கழற்றி வீட்டுக்குள் வைத்தார்.

தெருக்கோடியில் டெவால்டின் வண்டி விளக்கு தெரிந்தது. ஆன்ட்டி ஒரு எனாமல் குவளை நிறையத் தண்ணீரோடு வெளியே வந்தார். விரல் நுனியை நனைத்து, கூரைப் பனி சொட்டியதுபோல இரண்டு மணித் தடத்தின்மேல் சொட்டுச் சொட்டாக விட்டபடி, படியோரமாகவே குனிந்து நகர்ந்தார். ஒரு துளிகூட நான்கு மணித் தடத்தில் விழுந்துவிடாதபடி இடது உள்ளங்கையை அதன்மேல் குடைபோல விரித்துப் பிடித்திருந்தார்.