ஜமால்தீன் முதலாளியின் எழுபது கிலோ

செருப்பைக் கழற்றினார். சாவிக்கொத்து, கைத்தொலைபேசி, சட்டை எல்லாம் மேசைக்குப் போயின. மிளகு மூட்டை நிறுக்கும் தராசில் ஏறி நின்று, முள்ளைப் பார்த்தபடி ஜமால்தீன் வீட்டுப் பக்கம் குரல் கொடுத்தார். "நூத்தி நாலு. ஈரத்துக்கு ரெண்டு கழிச்சா நூத்தி ரெண்டு!"

"ஈரம் கழிக்கிறது மிளகுக்கு. ஒங்களுக்குமா?" என்றாள் மனைவி மர்லியா.

"இப்பதான் குளிச்சீக்கிறன் புள்ள."

மாவனல்லைக் கடைத்தெருவில் மிளகும் கராம்பும் வாங்கி விற்பவர் அவர். போன வருடம் நூற்றைம்பது கிலோ இருந்தார். சென்னைக்குப் போய் இரைப்பையைச் சுருக்கும் ஒபரேசன் செய்துகொண்டு வந்தார். "என்ன முதலாளி, மிச்சத்த அங்கேயே வித்துட்டீங்களா?" என்று யாராவது கேட்டால், "நல்ல வெல வந்திச்சி, குடுத்திட்டன்" என்பார்.

டொக்டர் வைத்த இலக்கு நூறு. இவர் தானாக வைத்துக்கொண்டது எழுபது. கலியாண நாளில் இருந்த எடையாம். முள் நகராமல் நின்றபோது முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் விட்டுவிட்டு வெறுந்தேநீரோடு கிடந்தார். தலைமயிர் கொட்டியது. ஒருநாள் கராம்பு மூட்டைமேல் மயங்கிச் சாய்ந்தார். மர்லியா என்னைக் கூப்பிட்டாள். நான் ஆஸ்பத்திரியில் தாதியாக, ஊர் வாயில் 'மிஸ்ஸி'யாக, இருந்து ஓய்வு பெற்ற பிறகும் வீடுகளுக்குப் போய் நோயாளி பார்ப்பவள்.

பிரஷர் பார்த்தேன். கண் இமையை இழுத்துப் பார்த்தேன். வெளிறிப் போயிருந்தது.

"முதலாளி, எழுபது எதுக்குங்க?"

டொக்டரைக் குறை சொன்னார், தராசைக் குறை சொன்னார். கடைசியில் உண்மை வந்தது. அவர்களுடைய கலியாண வீடுகளில் ஆறு பேர் தரையில் வட்டமாக அமர்ந்து ஒரே பெரிய தட்டில் சாப்பிடுவார்கள். அதுதான் சஹன். உடம்பு பெருத்துக் கீழே உட்கார முடியாத இவருக்கு மட்டும் மூலையில் கதிரையும் தனித் தட்டும்.

"மகள்ட கலியாணத்துலயும் கதிரதான் மிஸ்ஸி. இப்ப ராத்தாட மகன்ட கலியாணம் வருது. கீழ குந்தோணும்."

"குந்துறதுக்கு எழுபது கிலோ வேணும்னு யாரு சொன்னா? இப்பவே குந்துங்க, பாப்போம்."

சாரத்தை ஒதுக்கிக்கொண்டு பயந்து பயந்து இறங்கினார். சம்மணம் கூடியது. எழும்பும்போது நான் கை கொடுக்கவில்லை, தேவைப்படவும் இல்லை. நின்றவர் தன் முழங்கால்களைப் புதிதாக வாங்கியவை போலப் பார்த்தார்.

"அப்ப நூறு போதுமா?"

"டொக்டர் அதத்தானே சொன்னாரு. மொதல்ல முட்டையத் தின்னுங்க."

"எழுவதுண்டு ஊருக்கெல்லாம் செல்லிட்டேனே மிஸ்ஸி!"

"ஈரம் கழிச்சிட்டுச் செல்லுங்கோ" என்றாள் மர்லியா, முட்டையை உரித்தபடி.

அவருடைய அக்கா மகனின் கலியாணத்தன்று பெண்கள் பக்கத்துக் கதவடியில் நின்று பார்த்தேன். ஐந்து பேரோடு ஆறாவதாக ஜமால்தீன் தரையில் இருந்தார். சுருக்கிய இரைப்பை நாலு வாய்ச் சோற்றிலேயே நிறைந்து, அவருடைய கை நின்றுவிட்டது. ஆள் எழும்பவில்லை. தன் பக்கத்து இறைச்சியைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, அடுத்தவர் பக்கம் தள்ளிக்கொண்டே இருந்தார்.