ஒரு கோல் போதும்

எங்கள் வீட்டு மேல்மாடி வராந்தாவுக்கு நேர் கீழேதான் மைதானம். மடவளைச் சந்தியிலிருந்து நடந்து வருகிறவர்கள் பள்ளிவாசலைக் கடந்ததும் வலது பக்கம் திரும்ப வேண்டும். சொந்த மைதானத்தில் எங்கள் ஊர் அணி விளையாடும் ஞாயிற்றுக்கிழமைகளில் வராந்தாவில் ஐந்து கதிரைகள் போடப்படும். வாப்பா, மாமா, பக்கத்து வீட்டில் இருக்கும் ஓய்வுபெற்ற பஸ் சாரதி, நான். ஐந்தாவது கதிரை அன்றைக்கு யார் வருகிறார்களோ அவர்களுக்கு.

தோற்றால் எல்லோரும் பேசாமல் எழுந்து போய்விடுவார்கள். வென்றால்தான் கூட்டம் கலையாது. உம்மா பிளேன்டித் தேநீரும் கட்லட்டும் அனுப்புவா. வாப்பா கோல்கீப்பரிலிருந்து தொடங்கி ஒவ்வொருவராக எடுத்து, பத்துக்கு எத்தனை என்று புள்ளி சொல்வார். மற்றவர்கள் சண்டை பிடிக்கலாம், ஆனால் கடைசிச் சொல் அவருடையதுதான். வாப்பா நில அளவைத் திணைக்களத்தில் முப்பது வருடம் வேலை செய்தவர். இளமையில் இதே அணிக்குப் பின்களத்தில் ஆடியவர். இப்போது கழகத்தின் நிர்வாகக் குழுவில் இருக்கிறார். அவர் ஒன்பது கொடுத்து நான் பார்த்ததில்லை. எட்டுகூட அபூர்வம். நான் நானா என்று கூப்பிடும் என் அண்ணன் அணியில் முன்களத்தில் ஆடுகிறார். அவருக்கு வழக்கமாகக் கிடைப்பது ஆறு.

"ஓட்டம் ஈக்கி, உதை ஈக்கி, யோசன இல்ல" என்பார் வாப்பா. நானா அதைக் கேட்டுச் சிரிப்பார். பெற்ற மகனுக்கே அரைப் புள்ளி கூட்டிக் கொடுக்காத மனிதர் என்று எனக்கு வாப்பாவைப் பற்றி ஒரு பெருமை இருந்தது. வேலை இடத்தில்கூட அதைச் சொல்லியிருக்கிறேன்.

நான் கண்டியில் ஒரு அரசாங்க ஆஸ்பத்திரியின் ஆய்வுகூடத்தில் வேலை செய்கிறேன். அங்கே தமிழ் பேசுகிறவர்கள் இரண்டு பேர்தான். மற்றவள் மடுல்கெல்லப் பக்கத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்தவள், என்னைவிட மூன்று வயது இளையவள், கட்டுகஸ்தோட்டையில் அறை எடுத்துத் தங்கியிருந்தாள். நாள் முழுதும் சிங்களத்தில் பேசிவிட்டு, பகல் சாப்பாட்டு நேரத்தில் இருவரும் பின்பக்கப் படிக்கட்டில் உட்கார்ந்து தமிழில் பேசுவோம். எங்களைச் சேர்த்து வைத்தது உதைபந்தாட்டம்தான். அவளுடைய தம்பி தோட்டத்து அணியின் கோல்கீப்பர். தேயிலை மலைக்கு நடுவே சாய்ந்து கிடக்கும் ஒரு தரையில் பயிற்சி செய்வார்களாம். பந்து தவறினால் ஓடை வரைக்கும் இறங்கிப் போய் எடுத்து வர வேண்டுமாம்.

அந்த வருடம் மாவட்டப் போட்டியில் அவர்களும் நாங்களும் ஒரே பிரிவில் வந்தோம். தோட்டத்து அணி அவ்வளவு தூரம் வந்தது அதுதான் முதல் தடவை. அவர்கள் தங்கள் ஆட்டங்களை முடித்துவிட்டார்கள். எஞ்சியிருந்தது எங்கள் மைதானத்தில் எங்களுக்கும் நகரத்து அணி ஒன்றுக்கும் நடக்கவிருந்த கடைசி ஆட்டம் மட்டும். இரண்டு அணிகள் அடுத்த சுற்றுக்குப் போகலாம். நாங்கள் தோற்றாலோ சமமாக முடித்தாலோ எங்களுக்கு இடமில்லை, தோட்டத்து அணி போகும். நாங்கள் இரண்டு கோலோ அதற்கு மேலோ வித்தியாசத்தில் வென்றால் நகரத்து அணி விழும், தோட்டத்து அணி போகும். சரியாக ஒரு கோலால் வென்றால் மட்டும் நாங்களும் நகரத்து அணியும் போவோம், தோட்டத்து அணி வெளியே.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து இதை விரல் விட்டு எண்ணிக் காட்டினாள்.

"ஒரே ஒரு வழியிலதான்க்கா நாங்க வெளிய போவோம். உங்க ஆளுங்க நல்லா அடிப்பாங்கல்ல?"

அன்று இரவு சாப்பாட்டு மேசையில், எங்கள் அணி எப்படி ஆடும் என்று வாப்பாவிடம் கேட்டேன். அவள் கேட்டதையும் சொன்னேன். அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "ஆட்டம் எண்டா ஆட்டந்தான் மகள். ஏலுமான மட்டும் அடிப்பாங்க" என்றார்.

"அப்ப அவளயும் மெச் பாக்க வரச் செல்லட்டா?"

"செல்லேன். கதிர ஈக்கிதானே."

நானா தலை நிமிரவில்லை. களைப்பு என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அவளிடம், "எங்கட வாப்பாவே சென்ன, ஏலுமான மட்டும் அடிப்பாங்களாம். நீ ஞாயித்துக்கெழம வீட்டுக்கு வா" என்றேன். அவள் தம்பிக்கு அங்கேயே தொலைபேசி எடுத்துச் சொன்னாள்.

ஞாயிறு மத்தியானம் ஒரு பெட்டி லட்டு வாங்கிக்கொண்டு வந்தாள். உம்மா அவளைக் குசினிக்கே கூட்டிப்போய் அடுப்படியில் வைத்துப் பேசினா. வாப்பா, "வாங்க மகள், இரிங்க" என்று ஐந்தாவது கதிரையைத் தானே இழுத்துப் போட்டார்.

ஆட்டம் தொடங்கி இருபது நிமிடத்துக்குள் எங்கள் அணி ஒரு கோல் போட்டது. கோர்னரிலிருந்து வந்த பந்தை நானாதான் தலையால் தட்டினார். அவளும் நானும் எழுந்து நின்று கை தட்டினோம். "இன்னும் ஒன்னு, இன்னும் ஒன்னு" என்று அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த இன்னொன்று வரவில்லை. இடைவேளைக்குப் பிறகு மைதானத்தில் என்ன நடக்கிறது என்று எனக்கு விளங்கவே கொஞ்ச நேரம் எடுத்தது. எங்கள் பின்களக்காரர்கள் பந்தைத் தங்களுக்குள்ளேயே தட்டிக்கொண்டிருந்தார்கள். நகரத்து அணியில் ஒருவரும் அதைப் பறிக்க வரவில்லை. அவர்கள் காலுக்குப் பந்து போனால் அவர்களும் பின்னுக்கே தட்டினார்கள். முதலில் ஆரவாரம் செய்த சனம் பிறகு சிரித்தது. சிரிப்பும் அடங்கிய பின் சிலர் எழுந்து வீட்டுக்குப் போனார்கள்.

முடியப் பத்து நிமிடம் இருக்கும்போது, யாரோ தவறி அடித்த பந்து நானாவின் காலில் வந்து விழுந்தது. முன்னால் கோல்கீப்பர் மட்டும். நானா மூன்றடி ஓடினார். பிறகு பந்தின்மேல் காலை வைத்து நிறுத்தினார். எங்கள் வராந்தா நேர் மேலே இருந்ததால் அவர் முகம் எனக்குத் தெளிவாகத் தெரிந்தது. திரும்பி, பந்தை நடுமைதானத்துக்கு அனுப்பினார்.

என் கையைப் பிடித்திருந்த அவள் கை விலகியது.

ஊதல் ஊதியதும் இரண்டு அணிகளும் கட்டிப்பிடித்துக்கொண்டன. கட்லட் வந்தது. பிளேன்டி வந்தது. வாப்பா வழக்கம்போலத் தொண்டையைச் செருமிக்கொண்டு தொடங்கினார்.

கோல்கீப்பருக்கு ஆறு. "அவனுக்கு ஒரு பந்தும் வரல்லியே" என்று மாமா சொன்னதற்கு, "வராம நிண்டதும் ஒரு வேலதான்" என்றார். பின்களத்தில் இரண்டு பேருக்கு ஏழு ஏழு. நடுக்களத்தில் ஒருவனுக்கு ஐந்து, அவசரப்பட்டு இரண்டு தடவை முன்னுக்கு அடித்துவிட்டானாம். சாரதி அதைக் கேட்டு வாய்க்குள்ளே சிரித்தார். மாமாவும் சிரித்தார். அவள் இருக்கும்போது இப்படிச் சிரிக்கிறார்களே என்றுதான் அப்போதும் நினைத்தேன். அதற்கு மேல் நினைக்கத் தோன்றவில்லை.

கடைசியில் நானாவின் முறை.

"எட்டு" என்றார் வாப்பா.

மாமா, "அல்லாஹ், மகனுக்கு எட்டா!" என்றார்.

"ஏன், குடுக்க ஏலாதா? அவன் கோலும் போட்ட. பொறகு சென்னதச் சென்ன மாதிரியே செஞ்ச. எத்தின பேருக்கு அந்த யோசன வரும்?"

அவள் கோப்பையை நிலத்தில் வைத்தாள்.

"யாரு சொன்னத, ஐயா?"

மெதுவாகத்தான் கேட்டாள். சாரதி மைதானத்தைப் பார்த்தார். வாப்பா தட்டை அவள் பக்கம் நகர்த்தி, "கோச்மார் செல்லுவாங்கதானே மகள். கட்லட் எடுங்க" என்றார்.

"பஸ் போயிரும்க்கா" என்று அவள் எழுந்தாள்.

சந்தி வரைக்கும் கூடப் போனேன். வழியில் எங்கள் ஆட்கள் இரண்டு மூன்று பேர் கத்திக்கொண்டு மோட்டார் சைக்கிளில் போனார்கள். பஸ் நிறுத்தத்தில் அவள் என்னைப் பார்க்காமல் பாதையைப் பார்த்துக்கொண்டே சொன்னாள்:

"எங்க தோட்டத்துக் கோயில் மண்டபத்துல எல்லாரும் ஒரு ஃபோனச் சுத்தி உக்காந்திருக்காங்க. நான் இங்கருந்து தம்பிக்கு ஒவ்வொரு அஞ்சு நிமிசத்துக்கும் மெசேஜ் போட்டேன். கடைசி அரை மணித்தியாலம் என்னத்த போடுறதுன்னே தெரியல."

பிறகு கேட்டாள்: "உங்களுக்குத் தெரியுமாக்கா?"

"இல்ல" என்றேன். "எனக்கொண்டும் தெரியா."

அவள் என் முகத்தைப் பார்த்தாள். நம்புவதற்கு முயற்சி செய்கிற பார்வை அது. பஸ் வந்தது. "சரிக்கா" என்று சொல்லி ஏறிக்கொண்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது நானா குளித்துவிட்டுக் குசினிக்குள் நின்றார். அப்படி ஆடச் சொன்னது யார் என்று நேராகவே கேட்டேன். கோச்சுக்குத்தான் கோபத்தில் ஏசப்போனேன். நானா என்னை நிறுத்தினார்.

"கோச் வேணாம் எண்டுதான் சென்ன. வாப்பாதான் போய்ப் பேசின. அந்த டவுன் கழகத்துத் தலைவர்ட ஊட்டுக்கு."

"எப்ப?"

"போன வியாழக்கெழம."

நான் வாப்பாவிடம் அவளை அழைக்கட்டுமா என்று கேட்டது வெள்ளிக்கிழமை.

வராந்தாவுக்கு ஏறினேன். மற்றவர்கள் போய்விட்டிருந்தார்கள். வாப்பா மஃரிப் தொழுகைக்குப் போக ஆயத்தமாகத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்தார்.

"ஒரு கோல் போதும் எண்டு நீங்கதான் பேசினீங்களா?"

அவர் மறைக்கவில்லை. "நாங்க ஆரையும் தள்ளி விழுத்தல்ல. சட்டத்த மீறவும் இல்ல. ரெண்டு டீமுக்கும் நல்லம். அடுத்த வருசம் அந்தப் பொடியன்மாரும் வருவாங்க."

"அப்ப அவள ஏன் கூப்பிட விட்டீங்க?"

"வேணாம் எண்டு சென்னா, ஏன் எண்டு நீ கேப்பாய்" என்றார். "பொறகு நீ அவகிட்ட போய்ச் செல்லுவாய்."

இதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபமோ வெட்கமோ இல்லை. காணி ஒன்றின் எல்லையை விளக்குகிற மாதிரிச் சொன்னார். தொப்பியைக் கண்டெடுத்துப் போட்டுக்கொண்டு படி இறங்கிப் போனார். நான் அவர் மகளாக அல்ல, அவளுக்கு ஒரு செய்தியைக் கொண்டுபோய்க் கொடுக்கிற ஆளாக அந்தக் கணக்குக்குள் இருந்திருக்கிறேன். 'ஏலுமான மட்டும் அடிப்பாங்க' என்ற அந்தச் சொல்லை என் வாயாலேயே போக வைத்திருக்கிறார். அன்று இரவு உம்மா எவ்வளவு கூப்பிட்டும் நான் சாப்பிட இறங்கவில்லை. இவ்வளவு காலமும் அந்த வராந்தாவில் நான் கேட்டு நம்பிய புள்ளிகளில் எதெல்லாம் மெய் என்று யோசித்துக்கொண்டே கிடந்தேன்.

திங்கட்கிழமை அவளிடம் சொல்ல வேண்டும் என்றுதான் போனேன். சொல்ல வரவில்லை. கோச்சைப் பற்றியும் நகரத்து அணியைப் பற்றியும் பொதுவாக ஏசினேன். வாப்பாவின் பேச்சை எடுக்கவில்லை. அவளும் ஒன்றும் கேட்கவில்லை. செவ்வாயும் அப்படியே போனது. புதன்கிழமை படிக்கட்டில் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்காமலே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் கேட்டு முடித்தாள்.

"தெரியும்க்கா. ஞாயித்துக்கிழமையே டவுன் டீம்ல ஒருத்தன் தம்பிக்குச் சொல்லிட்டான், உங்க அப்பாதான்னு. நீங்க திங்கக்கிழமை சொல்லுவீங்கன்னு நெனச்சேன்."

"செல்ல வாய் வரல்ல."

"உங்களுக்கு முன்னாடியே தெரியாதுன்னு நான் நம்புறேன். தம்பி நம்பல. ரெண்டு நாள் நீங்க சொல்லாம இருந்ததும் நானும் கொஞ்சம் நம்பாமப் போயிட்டேன்."

ஏமாற்றப்பட்டவள் நான் என்று மூன்று நாட்களாக என்மேல் இரக்கப்பட்டுக்கொண்டிருந்தேன். அவள் பக்கமிருந்து பார்த்தால் நானும் அந்த வராந்தாவில் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தவர்களில் ஒருத்திதான்.

அதற்குப் பிறகும் சேர்ந்துதான் சாப்பிட்டோம். சம்பளம், இடமாற்றம், அவளுக்கு வரன் பார்க்கிற விஷயம் எல்லாம் பேசினோம். உதைபந்தாட்டம் மட்டும் பேசவில்லை. எங்கள் அணி அடுத்த சுற்றில் முதல் ஆட்டத்திலேயே தோற்று வந்தது. நகரத்து அணியும் நெடுநாள் நிற்கவில்லை. நானா அந்த வருடத்தோடு விளையாட்டை விட்டார். முழங்கால் வலி என்று கழகத்துக்குச் சொன்னார். முழங்காலில் ஒன்றும் இல்லை என்று எனக்குத் தெரியும்.

சொந்த மைதானத்தில் எங்கள் ஊர் வென்ற அடுத்த ஞாயிறு, வாப்பா மேலிருந்து என்னைக் கூப்பிட்டார். தலை கழுவுகிறேன் என்றேன். அதற்கடுத்த தடவை கூப்பிடவில்லை.

போன வருடம் அவளுக்குக் கல்யாணம். ஆய்வுகூடத்தில் எல்லோருக்கும் 'குடும்பத்தினருடன்' என்று எழுதி அழைப்பிதழ் கொடுத்தாள். எனக்குத் தந்ததில் என் பெயர் மட்டும் இருந்தது. போகிற காலை வாப்பா வாசலில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தார். எங்கே என்று கேட்டார். சொன்னேன்.

"எங்களுக்குச் செல்லல்லியா?" என்றார். அவர் உண்மையாகவே ஆச்சரியப்பட்டார். அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

"இல்ல, வாப்பா" என்று சொல்லிவிட்டு, மடுல்கெல்ல பஸ்ஸைப் பிடிக்க இறங்கினேன்.