ஞாயிற்றுக்கிழமை வராதவர்

சமூக மருத்துவமும் தொழில்சார் நோய்களும் சொல்லிக்கொடுக்கிறவளை மருத்துவக் கல்லூரியில் யாரும் பெரிதாக மதிப்பதில்லை. மற்றவர்கள் உயிரைக் காப்பாற்றுகிறார்கள், நான் கொசுவையும் கக்கூஸையும் பற்றிப் பேசிப் பொழுதைக் கழிக்கிறேன் என்று ஒரு நினைப்பு. எனக்கு அதில் வருத்தமில்லை, எரிச்சல் உண்டு. இப்போதெல்லாம் முதலாம் ஆண்டிலேயே மாணவர்களுக்கு ஆளுக்குச் சில வீடுகளை ஒப்படைத்துவிடுகிறோம். படிப்பு முடியும்வரை அந்த வீடுகளுக்குப் போய்வந்து அங்கிருப்பவர்களின் உடல்நிலையைக் கவனித்துக்கொள்ள வேண்டும். எங்களுக்குக் கிடைத்தவை எல்லையோரத்தில், பாறசாலைக்குப் பக்கத்தில், கொல்லயிலில் இருக்கிற வீடுகள்.

ஒருநாள் என் மாணவன் ஒருவன் அறை வாசலில் வந்து நின்றான். வடக்கே கண்ணூர்க்காரன், அவன் தமிழில் பாதி மலையாளம், நன்றாகப் படிப்பவன். வகுப்பில் நான் கேள்வியை முடிப்பதற்குள் கையைத் தூக்கிவிடுவான். அன்றைக்குக் குறிப்பேட்டைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டுத்தான் தொடங்கினான். அவனிடம் ஒப்படைத்த ஒரு வீட்டில் தாயும் மகளும் மட்டும்தான் குடியிருந்தார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று கேட்டதற்கு அந்த அம்மா மூன்று பேர் என்று சொல்லியிருக்கிறார். மூன்றாவது ஆள் எங்கே என்றதற்குப் படுக்கையறையைக் காட்டியிருக்கிறார். எட்டிப் பார்த்தால் அங்கே ஒரு கட்டில்தான் கிடந்தது.

"மேடம், ஹஸ்பண்ட் போன வருஷம் மரிச்சுபோயி. பட்சே இப்பவும் வருவாராம்," என்றான்.

"வந்தால் பிடித்து உட்காரவைத்து ரத்த அழுத்தம் பார்க்க வேண்டியதுதானே?" என்றேன். அவன் சிரிக்கவில்லை. அடுத்த வாரம் நானும் அவனோடு போனேன்.

ரப்பர் மரங்களுக்கு நடுவே ஓட்டு வீடு. நடுப்பகலிலும் உள்ளே மங்கலாகவே இருந்தது. அந்த அம்மாவுக்கு நாற்பத்தைந்து வயதுக்குள் இருக்கும். கணவர் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தபோதே மாரடைப்பில் போய்விட்டார். அதன்பிறகு ரப்பர் பால் எடுப்பதும் அதை உறையவைத்து ஷீட்டாக அடிப்பதும் இவர்தான். மகள் நெய்யாற்றின்கரையில் நர்சிங் படிக்கிறாள். அவள் முகம் வெளிறிக் கிடந்தது. வீட்டில் இருந்தாலே தலைவலி, வாந்தி, தலைசுற்றல் என்றாள். விடுதிக்குப் போய்விடலாம் என்றால் அம்மாவைத் தனியே விட மனசு வரவில்லை, அம்மாவோ வீட்டை விட்டு நகர மாட்டேன் என்கிறார்.

"எப்பிடிப் போவ? அவிய வந்து பாத்தா நான் இஞ்ச இல்லேண்ணா என்ன நெனப்பாவ?" என்றார் அந்த அம்மா. "ஒரு தொந்தரவும் இல்ல டாக்டரே. ராத்திரி கட்டில்ல வந்து இருப்பாவ. அவ்வளவாக்கும்."

சொல்லிக்கொண்டிருக்கும்போதே மழை பிடித்துக்கொண்டது. சாரல் அடித்ததால் மகள் ஓடிப்போய் ஜன்னல்களைச் சாத்தினாள். நாங்கள் படுக்கையறையில் கட்டிலில் உட்கார்ந்து பேச்சைத் தொடர்ந்தோம். மகளின் விரலில் ஆக்சிமீட்டரை மாட்டினேன், தொண்ணூற்றொன்பது காட்டியது. ரத்தத்தில் ஆக்சிஜன் பிரமாதமாக இருக்கிறது என்று அர்த்தம். ஆனால் அந்தப் பெண் உட்கார முடியாமல் சுவரில் சாய்ந்துகொண்டாள். கொஞ்ச நேரத்தில் எனக்கும் நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கத் தொடங்கியது. பேசிக்கொண்டிருந்த மாணவன் பாதியில் நிறுத்தினான்.

என் முதுகுக்குப் பின்னால் யாரோ நின்றார்கள்.

சத்தம் எதுவும் கேட்கவில்லை. பேருந்தில் நம் பின்னால் ஒருவர் நெருங்கி நின்றால் பார்க்காமலே தெரியுமே, அப்படித் தெரிந்தது. பின்பு, மெதுவாகத் தொண்டையைச் செருமும் ஒலி. அந்த அம்மா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டு, தணிந்த குரலில், "வந்தாச்சு," என்றார். கணவன் வேலை முடிந்து திரும்பும்போது ஒரு பெண் சொல்வதைப் போலவே சொன்னார். எனக்குப் பேய் பிசாசில் நம்பிக்கை கிடையாது. ஆனாலும் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

அந்த நிலையிலும் மாணவன் நான் சொல்லிக்கொடுத்த கேள்வியைக் கேட்டான். வேலையால் வரும் நோயா என்று கண்டுபிடிக்க, எப்போது வருகிறது என்று கேட்டால் போதாது, எப்போது வருவதில்லை என்றும் கேட்க வேண்டும் என்பது நான் வகுப்புதோறும் போடுகிற கூப்பாடு.

"அவரு வராத்த நாள் உண்டா?"

"ஞாயித்துக்கெழம வரமாட்டாவ," என்றாள் மகள். "பாஸ்டர் வந்து ஜெபிச்ச அண்ணைக்கும் வரல்ல. சபை முழுக்க வந்திருந்து, கதவு ஜன்னலு எல்லாம் தொறந்து போட்டாக்கும் பாடினது."

"ஞாயிற்றுக்கிழமை இங்கே என்ன செய்வதில்லை?" என்று கேட்டேன்.

"தீ போடமாட்டோம். ஓய்வுநாள்லா," என்றாள் அவள்.

அவர்களை எழுப்பி மழையிலேயே வெளியே தள்ளிக்கொண்டு வந்தேன். கட்டில் கிடந்த சுவருக்கு மறுபுறம், அதோடு ஒட்டியே, ரப்பர் ஷீட்டைப் புகைபோட்டு உலர்த்தும் புரை இருந்தது. தேங்காய் மட்டையும் சிரட்டையும் கனிந்துகொண்டிருந்தன. பூசாத செங்கல் சுவரில் விரல் நுழையும் இடைவெளிகள். முன்பு அந்தப் புரை தோட்டத்துக் கடைசியில் இருந்ததாம். கணவர் போனபின் ஷீட்டைத் தனியாக அவ்வளவு தூரம் சுமக்க முடியாமல் சுவரோடு சேர்த்துக் கட்டிக்கொண்டார் அந்த அம்மா.

அணைந்தும் அணையாத தீயிலிருந்து வருகிற கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. ஜன்னலைச் சாத்தினால் சுவர் இடுக்கு வழியே வந்து அறையில் சேர்ந்துவிடும். புகை நாற்றமோ தலையணைவரை ஊறிப்போயிருந்ததால் யாருக்கும் உறைக்கவில்லை. ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்க வேண்டிய இடத்தில் இது ஏறி உட்கார்ந்துகொள்ளும். சின்ன ஆக்சிமீட்டருக்கு இரண்டும் ஒன்றுதான். தலைவலி வரும், வாந்தி வரும், இல்லாதது கேட்கும். ஒருநாள் எழுந்திருக்க மாட்டோம். அன்றே ரத்தம் எடுத்துச் சோதித்தோம், சந்தேகத்துக்கு இடமில்லை. மாணவனும் அதே செருமலைக் கேட்டதாகச் சொன்னது மட்டும்தான் இடித்தது. பயந்தவர்களுக்கு எல்லாம் கேட்கும் என்று வைத்துக்கொண்டேன்.

புரையை இடித்துத் தள்ளிப் பழைய இடத்திலேயே கட்டவைத்தோம். சுவரைப் பூசினோம். கல்லூரியில் எனக்குப் பேயைப் பிடித்த மேடம் என்று பெயர் வந்தது. சத்தியமாக எனக்குத் தலைகால் புரியவில்லை. நாலைந்து வகுப்புகளில் அந்தக் கதையையே சொல்லிக் கைதட்டல் வாங்கினேன்.

சில மாதம் கழித்து அவனும் நானும் மறுபடி போனோம். மகள் உடம்பு தேறி விடுதிக்குப் போயிருந்தாள். அந்த அம்மா பால் விடாத கட்டன்காப்பி கொடுத்தார். ஆள் மெலிந்திருந்தார்.

"தலைவலி உண்டா?" என்று கேட்டேன்.

"இல்ல."

"உறக்கம்?"

"நல்ல ஒறக்கம். அதாக்கும் சங்கடம். முன்ன முழிச்சுப் பாத்தா அவிய இருப்பாவ. இப்பம் கெடந்தா, முழிக்கும்போ விடிஞ்சிருக்கு." தம்ளரைக் கீழே வைத்தார். "ஒண்ணு கேக்கட்டா டாக்டரே? ஆளு சாவாம இருக்கணும்னா, அந்தப் புகை எம்புடு கொள்ளலாம்?"

அதற்கு ஓர் அளவு உண்டு. எந்த வேலையிடத்தில் எவ்வளவு நேரம் எவ்வளவு இருக்கலாம் என்று மாணவர்களை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறேன்.

"கொஞ்சம்கூட ஆகாது," என்றேன்.

"அப்பிடியில்ல. ஞாயித்துக்கெழம விட்டு மத்த நாளெல்லாம் கொண்டேன், செத்தா போனேன்? ஒரு கணக்கு இருக்குமில்லா?"

"எனக்குத் தெரியாது."

அவர் நம்பவில்லை. மாணவன் பக்கம் திரும்பினார். "மக்கா, நீ சொல்லு. ஒனக்கு அறியும்."

அவனுக்குத் தெரியும். போன பரீட்சையில் அந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் போட்டதே நான்தான். அவன் என்னைப் பார்க்கவில்லை, அந்த அம்மாவின் முகத்தையே பார்த்தான்.

"அது எங்களுக்குப் படிப்பிச்சிட்டில்ல, அம்மா," என்றான்.

"பின்ன எதுக்காக்கும் மக்கா இத்தர வருஷம் படிக்கது?" என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. காலித் தம்ளர்களை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். அவரைத் தனியே விட்டுவிட்டுக் கிளம்ப எங்கள் இருவருக்கும் கால் எழவில்லை.